மைக் சார்

சிலமலையில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மைக் சார் வீடு எது?" என்று கேளுங்கள், டீக்கடையிலிருந்தே கை காட்டிவிடுவார்கள். போடிப் பக்கம் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி காலை இறைவணக்கக் கூட்டத்தை நடத்தியது நான்தான். குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். தலைமையாசிரியர்கள் வந்தார்கள், மாறிப் போனார்கள், மைக் மட்டும் என் கையை விட்டுப் போகவில்லை. அந்தப் பட்டப்பெயரைப் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. செய்தவன் நான், பள்ளிக்கூடம் என்ன செய்யும்?

என்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்றாக நிற்கிற நேரம் பள்ளியில் அது ஒன்றுதான். அந்த நேரத்தை நான் பிள்ளைகளை அவமானப்படுத்தப் பயன்படுத்தினேன். தினமும் சில பேர். பெரும்பாலும் ஏழைகள். அதிலும் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நம் பள்ளிகளின் பிரேயர் அழகான காட்சிதான். பி.இ.டி. சாரின் விசில், உயரவாரியாக வரிசை, தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் அதன் பொருளும், செய்தி வாசிப்பு, பிறந்தநாள் பிள்ளைக்குக் கைதட்டல், திங்கட்கிழமையானால் கொடியேற்றம், கடைசியில் நாட்டுப்பண். ஒவ்வொன்றின் கதையும் எனக்கு மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். அவருடைய மனோன்மணீயம் வெளிவந்தது 1891-இல். அதன் வாழ்த்துப் பகுதி 1970-இல் அரசு விழாக்களின் பாடலாயிற்று, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாயிற்று. உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தபோது 1962-இல் தெலுங்கில் எழுதினார். பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் அவர் பெயரே இல்லாமல் அது அச்சாகிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் மைக்கில் சொல்லி ஆசிரியர்களிடம் "அருமை சார்" வாங்கியிருக்கிறேன்.

அந்த உறுதிமொழியில், எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்வேன் என்று பிள்ளைகள் கை நீட்டிச் சொல்கிற இடம் ஒன்று வரும். சொல்லி முடித்து அவர்கள் கையைக் கீழே இறக்கியதும் நான் ஆரம்பிப்பேன்.

பிந்தி வந்தவர்கள் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் முகம் காட்டி நிற்க வேண்டும். அடிவாரத்து வெயில் காலையிலேயே கண்ணில் குத்தும். ஒருவன் முகம் சுளித்தால் "என்ன, சாருக்கு வெயில் ஆகாதோ?" என்பேன். சீருடைப் பட்டன் இல்லாதவன், எண்ணெய் வைக்காதவள், நோட்டுக்குக் காசு கட்டாதவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம் வைத்திருந்தேன். மைதானம் முழுக்கச் சிரிக்கும். சிரிப்பு வராத நாளில் எனக்கே என்னவோ குறைந்த மாதிரி இருக்கும். மறுநாளைக்கு என்ன சொல்லலாம் என்று சைக்கிளில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

பிரம்பை நான் தொட்டதே இல்லை. "அடிக்காத வாத்தியார்" என்று பெற்றோர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பிரம்போடு திரிந்த சக ஆசிரியர்களுக்கு அதன் 17-வது பிரிவை எடுத்துச் சொன்னதே நான்தான். பிள்ளைகளை உடலால் தண்டிக்கக் கூடாது என்பதோடு அந்தப் பிரிவு நிற்கவில்லை. மனத்தைத் துன்புறுத்தக் கூடாது என்பதும் அதே வரியில் இருக்கிறது. வரியின் முன்பாதியைப் பிறருக்குப் படித்துக் காட்டினேன். பின்பாதி என் கண்ணில் படவேயில்லை.

பிந்தி வந்தவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். சிலமலை, ராசிங்கபுரம், தேவாரம் என்று இந்த அடிவாரம் நெடுகிலும் கருக்கலில் ஜீப் வரும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் முக்கில் காத்திருப்பார்கள். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். ஏலம் ஒரே மூச்சில் அறுத்துக் களம் சேர்க்கிற வெள்ளாமை இல்லை. ஆடி, ஆவணியில் தொடங்கினால் தை வரைக்கும், நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் அதே செடியின் தூரில் குனிந்து, முற்றின காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் விடியும்போது தாய் வீட்டில் இருக்க மாட்டாள். அவள் வேலையெல்லாம் மூத்த பெண் பிள்ளையின் தலையில் விழும். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, தம்பிக்குச் சட்டை மாட்டி, சின்னதை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அது பள்ளிக்கு ஓடிவரும். அங்கன்வாடிக் கதவு திறக்கிற நேரமும் எங்கள் முதல் மணியும் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பிள்ளையால் இரண்டு இடத்திலும் நேரத்துக்கு நிற்க முடியும்?

தாமத நோட்டு என்னிடம்தான் இருந்தது. ஆகஸ்டு பிறந்தால் பெயர்கள் பெருகும், பொங்கலுக்குப் பிறகு குறையும். ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாகப் புரட்டியிருந்தால், மலையில் எப்போது காய் எடுப்பு நடக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். நானே தினமும் விழித்தது எங்கள் தெருமுக்கில் அடிக்கிற ஜீப் ஹாரனுக்குத்தான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அந்த வரிசையில் அடிக்கடி நிற்பவள். தாவணியில் அடுப்புப் புகை வாடை வரும். இரட்டைச் சடையில் ஒன்று பின்னியிருக்கும், இன்னொன்றை வழியில் பின்னிக்கொண்டே வந்திருப்பாள், பாதியில் ரிப்பன் தொங்கும். அன்றைக்குக் குறள் இனியவை கூறலிலிருந்து. பொருளை நான்தான் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். அது முடியும் நேரத்தில் அவள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். மைக்கைக் கீழே வைக்காமலே கேட்டேன்: "மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுச்சா?"

மைதானமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து, பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். எல்லோரும் சிரிக்கும்போது நடுவில் நிற்கிற பிள்ளை சேர்ந்து சிரிக்காமல் வேறு என்ன செய்யும் என்று யோசிக்க எனக்கு ஓய்வு பெறும் வயது ஆகவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயரே மகாராணி. வகுப்பில், தண்ணீர்த் தொட்டியில், தெருவில். அதற்குப் பிறகு அவளை நான் அந்த வரிசையில் பார்த்தது குறைந்தது. திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். நடந்தது வேறு. பிரேயர் முடியும்வரை சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் கலையும்போது கலந்து உள்ளே வந்திருக்கிறாள். சில நாள் அதற்கும் தைரியம் வராமல் மத்தியானச் சாப்பாட்டு மணி வரைக்கும் அங்கேயே. வருகைப் பதிவேட்டில் முற்பகல் ஆப்சென்ட் என்று வரிசையாக விழுந்தது. அவள் அம்மாவை வரச் சொன்னோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அந்த அம்மா என்னிடம் சொன்னது: "நீங்கதான் சார் அவளக் கண்டிச்சு வைக்கணும். நான் விடியுமுன்ன மலைக்குப் போயிருறேன்." கண்டிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். காரணம் அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. என் காதில் விழுந்தது முதல் வாக்கியம்.

பணியிடைப் பயிற்சி ஒன்றில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: காலைக் கூட்டம் பிள்ளையின் ஆன்மிக, ஒழுக்க, சமூக, பண்பாட்டு வளர்ச்சிக்கு உதவ வேண்டும் என்று. இங்கிலாந்தை உதாரணம் காட்டினார்கள். அங்கே 1944 கல்விச் சட்டத்திலிருந்தே தினசரிக் கூட்டு வழிபாடு பள்ளிகளின் கடமை. இந்த நான்கு வளர்ச்சியையும் அங்கே ஆய்வாளர்கள் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். வேண்டாமென்றால் பெற்றோர் தம் பிள்ளையை வழிபாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். எனக்கு அந்த நான்கு தலைப்பும் பிடித்துப்போய்விட்டன. நோட்டில் நான்கு கட்டம் போட்டேன். "கண்ணோட்டம் அதிகாரக் குறள் விளக்கப்பட்டது. மாணவர்கள் ஒழுக்க மேம்பாடு அடைந்தனர்" என்று எழுதினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி புரட்டிப் பார்த்து 'நன்று' என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கும் கொடிக்கம்பத்துப் பக்கம் சிலர் நின்றார்கள். அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. இப்போதெல்லாம் வழிபாட்டுக் கூட்டச் செயல்பாடுகள் என்று குறள், பழமொழி, பொது அறிவு, குட்டிக்கதை எல்லாம் முதல்நாள் இரவே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. வேலை சுலபம். ஆனால் பிள்ளைகள் கூர்ந்து பார்ப்பது குட்டிக்கதையை இல்லை. யாரை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், யாரை வெயிலில் நிறுத்துகிறார்கள், யார் கேலிக்கு எல்லா சாரும் சிரிக்கிறார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் என் பிள்ளைகள் நன்றாகவே தேறினார்கள். வறுமையைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தது தமிழாசிரியர்.

ஆன்மிகத்துக்கு வருகிறேன். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்னால் சாமி பாட்டு ஒன்று பாடவைப்பது என் ஏற்பாடு. வேற்று மதத்துப் பையன் ஒருவன் வாய் திறக்காமல் நின்றான். அமைதியாக, கை கட்டி, தலை நிமிர்ந்து நின்றான். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுப் பாடச் சொன்னேன். அவன் உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை. அதையும் கேலி செய்தேன். நம் மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், 1985 ஜூலையில் மூன்று பிள்ளைகளை வெளியேற்றினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள், நாட்டுப்பண் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடமட்டும் மாட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1986 ஆகஸ்டு 11-ஆம் தேதி நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு, மரியாதையாக நின்றால் போதும், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாட்டுப்பண்ணுக்கே அப்படியென்றால் சாமி பாட்டுக்கு என்ன நியாயம்? முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது, அரசு உதவி பெறும் பள்ளியிலும் சம்மதமில்லாத பிள்ளையை வழிபாட்டுக்கு இழுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. நான் அந்தப் பையனை நிறுத்தியது இந்தத் தீர்ப்பு வந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு. நாட்டுப்பண் வழக்கைப் பற்றி அப்போதே எனக்குத் தெரியும். ஒரு பட்டிமன்றத்தில் அதை மேற்கோள் காட்டியும் பேசியிருக்கிறேன்!

யார் குறள் சொல்வது, யார் செய்தி வாசிப்பது என்பதும் என் கையில்தான் இருந்தது. உச்சரிப்புச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் விதி. கேட்பதற்கு நியாயமான விதி. ஆனால் அந்த விதியில் தேறியவர்கள் பெரும்பாலும் படித்த வீட்டு, ஊர்த்தெருப் பிள்ளைகள். காலனிப் பிள்ளைகளுக்கு மேடையைக் கூட்டுவதும் கொடிக்கம்பத்தடியில் பூ வைப்பதும் வாய்த்தன. 1989 சாதிக் கலவரத்தில் போடி வட்டாரம் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். சாதி ஒழிப்பைப் பற்றி அந்த மைக்கில் எத்தனையோ முறை உருக்கமாகப் பேசியிருக்கிறேன். பேசிய இடத்தைக் கூட்டிவைத்தது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மயக்கம் போட்டு விழுகிற பிள்ளைகளும் உண்டு. எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்கள், பிரேயரில் யாராவது ஒருவர் சுருண்டு விழாத வாரம் அபூர்வம். தண்ணீர் தெளித்து நிழலில் உட்காரவைப்போம். பிறகு நான் மைக்கில் காலை உணவின் அவசியம் பற்றிப் பேசுவேன். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு தட்டு உப்புமா செய்கிற வேலையை நான் குறளை வைத்துச் செய்யப் பார்த்திருக்கிறேன்.

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சு என்று பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைக்க, வந்தவர் முற்பிறவிப் பாவத்தால்தான் இந்தப் பிறவியில் குறையோடு பிறக்கிறார்கள் என்கிற ரீதியில் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேள்வி கேட்டார். காணொளி பரவியது. பேசியவர் கைதும் ஆனார். நானும் கொதித்துப்போய் நண்பர்கள் குழுவில் நீளமாக எழுதினேன். எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் யாரோ முகம் தெரியாதவர்களின் முற்பிறவியைப் பற்றிப் பேசினார். நான் எனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகளின் இந்தப் பிறவியைப் பற்றி, பெயர் சொல்லிப் பேசியவன். அவரை எதிர்த்துக் கேட்க அங்கே ஒருவர் இருந்தார். எனக்கு இல்லை.

பல ஆண்டுகள் கழித்து மகாராணியைப் போடியில் பார்த்தேன். ஏலக்காய்க் கடை ஒன்றில் காய் பிரிக்கிற வேலை. பருத்த காய், சின்னக் காய், வெடித்த காய் என்று கண் பார்க்குமுன் கை பிரித்துப் போடுகிறது. பேரன் பெயர்சூட்டு விழாவுக்குக் கால் கிலோ வாங்கப் போனவனை அவள்தான் அடையாளம் கண்டாள். "சார், என்னையத் தெரியுதா? மகாராணி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தாம் வகுப்புத் தேறவில்லை, மலைக்குப் போனாள், கல்யாணம், பிறகு இந்த வேலை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். பக்கத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், மைக்கைப் பிடிக்கிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டினாள். அச்சு அசல். எல்லோரும் சிரித்தார்கள். "எங்க பாப்பா காலையில எந்திரிக்கலைன்னா நானும் இதத்தான் சார் சொல்லுவேன். ஒரே அழுகையா அழுவா." அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். "பாப்பாவ அப்படிச் சொல்லாதம்மா, அன்னைக்கு நான் சொன்னதே தப்பு" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டேன். காயை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இதை எழுதப்போவதாகப் பழைய சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தான சார் இருந்தோம்" என்றார். எல்லோரும் இல்லை. எங்கள் ஓவிய ஆசிரியர் அப்படி இல்லை. காய் எடுப்பு மாதங்களில் அவர் பிரேயருக்கே வரமாட்டார். பின்பக்கத்துச் சின்னக் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கே நிற்பார். பிந்தி வருகிற பிள்ளைகளைச் சத்தமில்லாமல் அவரவர் வகுப்பு வரிசையின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஒரு சடை பின்னாமல் வந்த பிள்ளைக்கு ரிப்பனைக் கட்டிவிட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு பருவம் அப்படி நடந்தது. மகாராணி சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தது அந்தக் கேட்டுக்குப் பூட்டுப் போட்ட பிறகு. ஒழுக்கம் கெடுகிறது, பிரேயருக்கு மரியாதை இல்லாமல் போகிறது என்று தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்துப் பூட்டவைத்தவன் நான்.